வாசல் கட்டணம்

ஆராய்ச்சிக் கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்புவதற்கே பணம் கேட்கிறார்களே என்று ஒருவர் கேட்க, போகிற போக்கில் இரண்டு வரி பதில் சொல்லியிருந்தேன். விட்டார்களா! பல்கலைக்கழகங்களிலிருந்து வந்த கேள்விகளே இந்த முறை முழுப் பகுதியையும் பிடித்துக்கொண்டன. சினிமா, ஜோதிடம், மாமியார் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

வார இதழுக்குக் கதை எழுதினால் அவர்கள் எனக்குப் பணம் தருகிறார்கள். ஜர்னலுக்குக் கட்டுரை எழுதினால் நான் அவர்களுக்குத் தர வேண்டியிருக்கிறது. இது என்ன உலகம் சார்?
– கதையும் எழுதும் ஆராய்ச்சி மாணவி, மதுரை

கதையை வாசகர் காசு கொடுத்துப் படிக்கிறார். அதில் ஒரு துளி உங்களுக்கு வருகிறது. ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கப்போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் உங்கள் போட்டியாளர்கள். ஆனால் பட்டம், வேலை, பதவி உயர்வு மூன்றும் அந்தக் கட்டுரையில்தான் தொங்குகின்றன. யாருக்கு அவசரமோ அவரிடம்தானே கை நீட்டுவார்கள்?

சப்மிஷன் ஃபீ, பப்ளிகேஷன் ஃபீ, ஏ.பி.சி. – மூன்றும் ஒன்றா, வேறா?
– உதவிப் பேராசிரியர், திருச்சி

மூன்று பெயர், இரண்டு வசூல். கட்டுரையை அனுப்பும்போதே வாங்கிக்கொள்வது சப்மிஷன் ஃபீ. எடுத்துக்கொண்டாலும் தள்ளுபடி செய்தாலும் அந்தப் பணம் பொதுவாகத் திரும்பாது. கட்டுரை தேறிய பிறகு, "யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுகிறோம், கட்டுங்கள்" என்று வாங்குவது பப்ளிகேஷன் ஃபீ. அதையே ஆர்ட்டிக்கிள் புராசஸிங் சார்ஜ் என்றும் சொல்லி, சுருக்கி ஏ.பி.சி. என்கிறார்கள். முன்னது தேர்வுக் கட்டணம், பின்னது பாஸானவரிடம் மட்டும் வாங்கும் சான்றிதழ்க் கட்டணம். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

அனுப்பும்போதே பணம் வாங்கும் ஜர்னல்கள் எல்லாம் போலிதானே?
– பெயர் வேண்டாம், சேலம்

அப்படி நினைத்துக்கொண்டு பொருளாதாரத் துறைப் பக்கம் போய்விடாதீர்கள், அடிக்க வருவார்கள். அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ, ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ், ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் என்று அந்தத் துறையின் சிகரங்களே வாசலில் உண்டியல் வைத்திருக்கின்றன. நூற்றுக்கணக்கில் டாலர் போட்டால்தான் கட்டுரை உள்ளே போகும். இயற்பியலிலோ கணிதத்திலோ இந்தப் பழக்கம் அநேகமாகக் கிடையாது. பணத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் பணத்தைக் கேட்கக் கூச்சப்படுவார்களா?

கூச்சம் இருக்கட்டும், காரணமும் இருக்கிறது. டேவிட் கார்டு, ஸ்டெஃபனோ டெல்லவிக்னா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2013இல் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1990க்கும் 2012க்கும் இடையே, முதல் ஐந்து பொருளாதார ஜர்னல்களுக்கு வரும் கட்டுரைகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. ஆனால் 1970களின் கடைசியில் ஆண்டுக்கு 400 கட்டுரை வெளியிட்ட அதே ஐந்து ஜர்னல்கள், 2012 வாக்கில் 300தான் வெளியிட்டன. தேறும் விகிதம் 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அனுப்புவது இலவசம் என்றால் "அதிர்ஷ்டம் இருந்தால் அடிக்கட்டும்" என்று அரைவேக்காட்டுக் கட்டுரையையும் முதலில் சிகரத்துக்கே அனுப்பிப் பார்ப்போம், இல்லையா? அந்தக் கையைக் கொஞ்சம் தயங்க வைக்கத்தான் கட்டணம்.

நீங்கள் சப்மிஷன் ஃபீக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?
– அதே பெயர் வேண்டாதவர், சேலம் (அடுத்த கார்டில்)

ஆமாம், பாதி வக்காலத்து.

வாசலில் வாங்குகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: உங்கள் கட்டுரையை நிராகரித்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. ஆகவே குப்பையைக் குப்பை என்று சொல்ல அவனுக்கு வாய் வரும். தேறினால்தான் காசு என்றால், தேற வைக்கத்தானே மனசு அலையும்? ஹிந்தாவி கதையைப் பாருங்கள். வெளியீட்டுக் கட்டணத்தில் ஓடிய பதிப்பகம் அது. வைலி நிறுவனம் 2021இல் 298 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. ஆட்களை வைத்துக் கட்டுரை தயாரித்து விற்கும் கும்பல்கள், விருந்தினர் ஆசிரியர்கள் நடத்தும் 'சிறப்பிதழ்' வழியாக உள்ளே புகுந்திருந்தது பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். கடைசியில் அந்தப் பெயர்ப் பலகையையே கழற்றி வைப்பதாக வைலி அறிவித்தது. பெரும்பாலும் கட்டணம் கட்டி வந்த கட்டுரைகள் அவை என்பதை நினைவில் வையுங்கள்.

மீதிப் பாதி வக்காலத்தை ஏன் வாங்கவில்லை என்பதற்கு அடுத்த கேள்வி.

300 டாலர் சப்மிஷன் ஃபீ என்றால் எனக்கு ஒரு மாத மெஸ், வாடகை, பெட்ரோல் எல்லாம் சேர்ந்தது. அமெரிக்காக்காரருக்கும் அதே 300தானா?
– ஸ்காலர், கோயம்புத்தூர்

அதே 300தான். ஆனால் அவர் பாக்கெட்டிலிருந்து போவதில்லை. பெரும்பாலும் அவருடைய பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதியிலிருந்து போகிறது. நம் ஊரில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கும் பாக்கியசாலிக்கு 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். நெட் தேர்வில் தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000. இரண்டுமே இல்லாமல் கல்லூரியில் பகுதி நேரமாக வகுப்பெடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள்தான் நம்மிடம் அதிகம். ஒருவருக்குத் தயக்கம் தரும் தொகை இன்னொருவருக்குத் தடைச்சுவர். அரைவேக்காட்டைத் தடுக்க வைத்த வேலி, வசதியில்லாதவனின் முழுவேக்காட்டையும் சேர்த்துத் தடுக்கிறது. எழுதுபவரின் நாட்டையும் வருமானத்தையும் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்காத ஜர்னலுக்கு என் வக்காலத்து கிடையாது.

ஏழை நாடுகளுக்குக் கட்டண விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டேனே?
– நம்பிக்கையாளர், வேலூர்

உண்டு. நமக்கு இல்லை. பெரிய பதிப்பகங்கள் வெளியீட்டுக் கட்டண விலக்குக்குப் பெரும்பாலும் வைத்திருப்பது ரிசர்ச்ஃபார்லைஃப் என்ற திட்டத்தின் நாட்டுப் பட்டியலை. அதில் இந்தியா கிடையாது. நாட்டின் மொத்த வருமானம் அவ்வளவு பெரியது. தனிப்பட்ட முறையில் எழுதிக் கேட்டால் சில ஆசிரியர்கள் இரங்குவார்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள், கேட்பதற்கு மட்டும் இன்னும் கட்டணம் வைக்கவில்லை.

வாங்குகிற பணம் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் ரிவ்யூவருக்குப் போகிறதா?
– கணக்குப் பிள்ளையின் மகன், காரைக்குடி

அநேகமாக இல்லை. உலகம் முழுவதும் ரிவ்யூ என்பது தர்ம காரியம். பொருளாதார ஜர்னல்கள் சிலவற்றில் மட்டும், சொன்ன தேதிக்குள் அறிக்கை கொடுத்தால் ஒரு சிறு தொகை உண்டு.

பணம் கொடுத்தால் வேலை நடக்குமா என்று சோதித்தே பார்த்தார்கள். டெல்லியில் பிறந்த பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி, ஜர்னல் ஆஃப் பப்ளிக் எகனாமிக்ஸின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தபோது, 1,500 ரிவ்யூவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி நான்கு கூட்டமாகப் பிரித்தார். முதல் கூட்டத்துக்கு ஆறு வாரக் கெடு. இரண்டாவதுக்கு நான்கு வாரம். மூன்றாவதுக்கு நான்கு வாரத்தோடு, கெடுவுக்குள் கொடுத்தால் 100 டாலர். நான்காவது கூட்டத்திடம், "நீங்கள் எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள் என்பதைப் பெயரோடு வெளியிடுவோம்" என்றார்கள்.

முடிவு 2014இல் வெளியானது. கெடுவைக் குறைத்ததுமே வேலை சுறுசுறுப்பானது. காசு காட்டியதும் இன்னும் வேகம் பிடித்தது. பணம் கொடுத்தால் தரம் கெடும், தர்ம சிந்தனை போய்விடும் என்று பயந்தார்களே, அப்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. எனக்குப் பிடித்தது வேறு ஒரு கண்டுபிடிப்பு. வேலை நிரந்தரமான மூத்த பேராசிரியர்கள் கெடுவுக்கும் காசுக்கும் மற்றவர்கள் அளவுக்கு அசையவில்லை. பெயரோடு வெளியிடுவோம் என்றதற்குத்தான் நன்றாக அசைந்தார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் காரைக்குடிக்கு மட்டும் சொந்தமில்லை.

நேச்சரில் கட்டுரை போட எவ்வளவு ஆகும்?
– கனவு காண்பவன், தூத்துக்குடி

கனவுக்கு இலவசம். கட்டுரையைப் பழைய முறையில் சந்தாதாரர் மட்டும் படிக்க வெளியிட்டாலும் கட்டணமில்லை. எல்லோரும் படிக்கும்படி வேண்டுமென்றால், 2021 ஜனவரியில் அவர்கள் வைத்த விலை 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஏன் இவ்வளவு என்றால், வருவதில் மிகச் சிலவே தேறுகின்றன, தேறாதவற்றைப் படித்துக் கழிக்கும் செலவையும் தேறியவர்தான் சுமக்க வேண்டியிருக்கிறது என்றார்கள்.

அதே சமயம் ஓரமாக ஒரு பரீட்சார்த்தமும் செய்தார்கள். நேச்சர் ஃபிசிக்ஸ், நேச்சர் ஜெனெடிக்ஸ், நேச்சர் மெத்தட்ஸ் ஆகிய மூன்றிலும், கட்டுரையைப் பரிசீலிப்பதற்கென்று 2,190 யூரோ முன்னாலேயே கட்டலாம் என்றார்கள். கட்டுரை தள்ளுபடியானாலும் பணம் திரும்பாது. விரிவான மதிப்பீட்டு அறிக்கை ஒன்று கிடைக்கும். தேறினால் மிச்சத்தைக் கட்ட வேண்டும். ஏறக்குறைய இரண்டு லட்சம் கொடுத்துத் திட்டு வாங்கிக்கொள்வது. நம் கைடுகள் இதை இலவசமாகவே செய்கிறார்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு, தேறியது தேறவில்லை என்ற பேச்சையே எடுத்துவிட்டால் என்ன?
– குறும்பன், புதுச்சேரி

செய்துவிட்டார்கள், குறும்பரே. ஈலைஃப் என்ற உயிரியல் ஜர்னல் 2012இல் தொடங்கியபோது எழுதுபவரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. ஹோவர்டு ஹியூஸ், மாக்ஸ் பிளாங்க், வெல்கம் என்ற மூன்று பெரிய அறிவியல் அமைப்புகள் செலவைப் பார்த்துக்கொண்டன. 2017இலிருந்து தேறிய கட்டுரைக்கு 2,500 டாலர். 2023இல் முறையையே கவிழ்த்தார்கள்: ஆசிரியர் குழு பார்த்து ரிவ்யூவுக்கு எடுத்துக்கொண்டால் 2,000 டாலர், அதன் பிறகு ஏற்பு, நிராகரிப்பு என்ற தீர்ப்பே கிடையாது. கட்டுரையும் வரும், பக்கத்திலேயே ரிவ்யூவர்களின் விமர்சனமும் வரும். "ஆதாரம் போதாது" என்று அவர்கள் எழுதியிருந்தால் அதையும் ஊரே படிக்கலாம்.

எனக்கு இது பிடித்திருக்கிறது. மேற்கோள்களை எண்ணி ஜர்னலுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் என்ற மதிப்பெண் போடும் கிளாரிவேட் நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை. 2024இல் ஈலைஃபை முழுமையாகப் பட்டியலிடுவதை நிறுத்திவிட்டது. பதவி உயர்வுக்கு இம்பாக்ட் ஃபேக்டரை எண்ணுகிற ஊர்களில் இருக்கும் விஞ்ஞானி என்ன செய்வார்? நல்ல யோசனை என்று பாராட்டிவிட்டு, வேறு ஜர்னலுக்கு அனுப்புவார்.

இதெல்லாம் இந்தக் காலத்து அக்கிரமம்தானே? அந்தக் காலத்தில் நியூட்டன் காசு கட்டியா எழுதினார்?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், நாகர்கோவில்

நியூட்டன் கட்டவில்லை ஐயா, அவருக்காக எட்மண்ட் ஹாலி கட்டினார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அதே ஹாலி. பிரின்சிபியாவை அச்சிட லண்டன் ராயல் சொசைட்டியிடம் பணமில்லை. காரணம், 1686இல் பிரான்சிஸ் வில்லபி என்பவரின் மீன்கள் பற்றிய பிரம்மாண்டமான படப் புத்தகம் ஒன்றைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சரி என்று ஹாலி தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1687இல் பிரின்சிபியாவைக் கொண்டுவந்தார். வேடிக்கை அதற்கப்புறம். சொசைட்டி ஹாலிக்குத் தர வேண்டிய 50 பவுன் சம்பளத்தையும் பணமாகத் தர முடியாமல், விற்காமல் கிடந்த மீன் புத்தகப் பிரதிகளாகக் கொடுத்தார்கள்.

எழுதுபவரிடம் முறையாக வசூலிப்பதும் புதிதில்லை. அமெரிக்காவின் ஃபிசிக்கல் ரிவ்யூ 1930களிலேயே பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதைக் கட்டியது பொதுவாக எழுதியவரின் நிறுவனம்; கட்ட வழியில்லாதவரின் கட்டுரையைத் தூக்கி எறியவும் இல்லை.

ராமானுஜன் இன்றைக்கு இருந்திருந்தால்?
– கணிதப் பிரியை, கும்பகோணம்

துறைமுகத்துக் குமாஸ்தா சம்பளத்தில் ஏ.பி.சி. கட்டியிருப்பாரா என்று கேட்கிறீர்கள். 1911இல் அவருடைய முதல் கட்டுரை, பெர்னூலி எண்கள் பற்றியது, இந்தியக் கணிதச் சங்கத்தின் ஜர்னலில் வந்தது. அப்போது அவருக்குத் துறைமுக வேலைகூடக் கிடைத்திருக்கவில்லை. வி. ராமசுவாமி ஐயர் 1907இல் தொடங்கிய சங்கம் அது. உறுப்பினர் சந்தாவில் ஓடியது. ஆசிரியர் நாராயண ஐயங்கார் ராமானுஜனிடம் வசூலித்தது பொறுமையைத்தான். மற்றவர்களுக்குப் புரியும்படி எழுதச் சொல்லிக் கட்டுரையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். சர் சி.வி. ராமனும் 1928இல் தன் புதிய ஒளிச்சிதறலை விரிவாக எழுதியது கல்கத்தாவிலிருந்து வந்த இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸில்தான். நோபல் பரிசுக்குப் போன வழியில் ஸ்கோபஸ் பட்டியல் இல்லை.

"48 மணி நேரத்தில் பிரசுரம், வெறும் 1,500 ரூபாய், இ-சான்றிதழ் இலவசம், ஐ.எஸ்.எஸ்.என். உண்டு, இம்பாக்ட் ஃபேக்டர் உண்டு" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. போடலாமா?
– வைவா நெருங்குகிறவர், தஞ்சாவூர்

1,500 ரூபாய்க்கு நல்ல செருப்பு வாங்கலாம், வைவாவுக்கு நடந்து போக உதவும்.

ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் இதழ்களுக்குத் தரும் அடையாள எண். டெல்லியில் இருக்கும் மையம் அதை இலவசமாகவே கொடுக்கிறது. கோயில் மலருக்கும் வாங்கலாம். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கிடுவது கிளாரிவேட் ஒன்றுதான். "குளோபல்", "யுனிவர்சல்" என்று முன்னால் ஏதாவது ஒட்டியிருந்தால் அது வீட்டில் அச்சடித்த நோட்டு. 48 மணி நேரத்தில் ஒருவர் கட்டுரையைப் படித்து, சோதித்து, திருத்தச் சொல்லி, நீங்கள் திருத்தி, அவர் மறுபடி படித்து... நடக்கிற காரியமா?

ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே அப்பட்டமான தப்புகளை வைத்து ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரையைத் தயாரித்தார். பள்ளிக்கூட வேதியியலுக்குக் கொஞ்சம் மேலே தெரிந்தவரே கண்டுபிடிக்கக்கூடிய தப்புகள். கட்டணம் வாங்கும் 304 ஜர்னல்களுக்கு அதை அனுப்பினார். 2013இல் சயன்ஸ் இதழில் முடிவை எழுதினார்: 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன, 98தான் நிராகரித்தன. கணக்கு வழக்கைத் தோண்டினால் அந்த மாதிரிக் கடைகள் அதிகம் இருந்த ஊர் நம் இந்தியா. ஹைதராபாத்தின் ஓமிக்ஸ் பதிப்பகத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் வழக்குப் போட்டது. கட்டணத்தை மறைத்தது, ரிவ்யூ நடக்காமலே நடந்ததாகச் சொன்னது, சம்மதம் கேட்காமல் விஞ்ஞானிகளின் பெயரைப் போட்டது எல்லாம் குற்றச்சாட்டில் இருந்தன. 2019இல் நீதிமன்றம் 50 மில்லியன் டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

கட்டுரையைப் படிக்காமலே ஏற்றுக்கொள்வார்களா என்ன! கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள்.
– சந்தேகப் பிராணி, ஈரோடு

2014இல் ஆஸ்திரேலியாவில் ஒரு கணினித்துறைப் பேராசிரியர், இப்படிப்பட்ட ஜர்னல் ஒன்றின் தொந்தரவுக் கடிதங்கள் தாங்காமல், "என் பெயரை உங்கள் அஞ்சல் பட்டியலிலிருந்து எடுத்துத் தொலையுங்கள்" என்ற ஒரே வாக்கியம், கெட்ட வார்த்தையோடு, பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வரும் 'கட்டுரை' ஒன்றை அனுப்பிவைத்தார். அதை எழுதியது இரண்டு அமெரிக்கக் கணினி ஆய்வாளர்கள்; இதே எரிச்சலில் 2005இலேயே எழுதிவைத்திருந்தார்கள். ஜர்னல் அதற்கு உயர்ந்த மதிப்பெண் போட்டு ஏற்றுக்கொண்டது. 150 டாலர் கட்டினால் போட்டுவிடலாம் என்றது. அவர் கட்டவில்லை. அவர் பெயர் பட்டியலிலிருந்தும் போகவில்லை.

போலி ஜர்னல்களை யு.ஜி.சி. ஒழிக்காதா?
– கோபக்காரர், விழுப்புரம்

வளர்த்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டே! 2016 விதிப்படி, பிஎச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். ஆசிரியர் பதவி உயர்வுக்கும் கட்டுரைக்கு மதிப்பெண். நாடு முழுக்க லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஜர்னல் தேடி அலைந்தால் கடை திறக்க ஆளா இல்லை? யு.ஜி.சி. ஒரு அங்கீகாரப் பட்டியல் போட்டது. அதில் பல்கலைக்கழகங்கள் சிபாரிசு செய்து சேர்த்த ஜர்னல்களில் 1,009ஐ எடுத்துச் சலித்துப் பார்த்தவர்கள், 88 சதவீதம் தரமற்றவை என்று 2018இல் கரன்ட் சயன்ஸில் எழுதினார்கள். அதே ஆண்டு மே மாதம் 4,305 ஜர்னல்களைப் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். பிறகு கேர் என்று ஒரு புதிய பட்டியல். 2022இல் கட்டுரைக் கட்டாயத்தை எடுத்தார்கள். 2025இல் கேர் பட்டியலையும் எடுத்துவிட்டு, தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

கட்டாயம் போய்விட்டது, ஆனால் பழக்கம் போகவில்லை. பல இடங்களில் உள் விதி இன்னும் கட்டுரை கேட்கிறது. வேண்டுதலை ரத்து செய்யாமல் உண்டியலை மட்டும் இடம் மாற்றி வைத்தால் என்ன ஆகும்?

கட்டுரையை எழுதியது நான். கட்டணத்தைக் கட்டுவதும் நான். கைடு தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார்.
– பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்

துறையும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அவரிடம் பவ்யமாக, "சார், ஜர்னலில் ரசீது முதல் ஆசிரியர் பெயருக்குத்தான் போடுவார்களாம், ஜி-பே நம்பர் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பெயர் தானாக இரண்டாவதுக்கு இறங்கலாம். இறங்காவிட்டால் நான் பொறுப்பில்லை.

உண்மையில் ஒரு கட்டுரையைக் கையாள ஜர்னலுக்கு எவ்வளவுதான் செலவாகும்?
– பட்டயக் கணக்காளர், சென்னை

உங்கள் தொழில் புத்தி வாழ்க. ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய கணித மேதை டிமதி கவர்ஸ், 2015இல் டிஸ்கிரீட் அனாலிசிஸ் என்ற ஜர்னலை அறிவித்தார். கட்டுரைகள் ஆர்க்கைவ் என்ற இலவசத் தளத்தில் இருக்கும். ஜர்னல் ரிவ்யூ நடத்தித் தேறியதைச் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான். வருகிற ஒவ்வொரு கட்டுரைக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கு 10 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அதையும் எழுதுபவரிடம் வாங்காமல் நிதியுதவியில் சமாளித்தார்கள்.

எல்லா ஜர்னலும் பத்து டாலரில் நடக்காது. மருத்துவ ஜர்னல் என்றால் புள்ளியியல் சோதனை, படத்தில் மோசடி இருக்கிறதா என்ற சோதனை, முழுநேர ஊழியர் எல்லாம் உண்டு. ஆனால் எல்செவியரின் அறிவியல் பதிப்புப் பிரிவு பல ஆண்டுகளாக நூறு ரூபாய் வரவில் முப்பத்தைந்துக்கு மேல் லாபம் பார்க்கிறது. எழுதுபவருக்குச் சம்பளமில்லை, ரிவ்யூவருக்குச் சம்பளமில்லை, காகிதமும் இல்லை. இந்தத் தணிக்கையை உங்களிடம் கொடுத்தால் என்ன குறிப்பு எழுதுவீர்கள்?

ஆசிரியர் குழு ஒன்றுசேர்ந்து "விலையைக் குறை" என்று சொல்ல முடியாதா?
– தொழிற்சங்கவாதி, நெய்வேலி

சொன்னார்கள். நியூரோஇமேஜ் என்ற மூளை அறிவியல் ஜர்னலின் ஆசிரியர் குழு, 3,450 டாலர் கட்டணம் அநியாயம், குறையுங்கள் என்று எல்செவியரிடம் கேட்டது. முடியாது என்று பதில். 2023 ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்துவிட்டு, எம்.ஐ.டி. பிரஸ்ஸோடு சேர்ந்து இமேஜிங் நியூரோசயன்ஸ் என்ற புது ஜர்னலைத் தொடங்கினார்கள். தோழரே, அப்போதும் கட்டணம் முற்றிலும் ஒழியவில்லை, குறைந்தது.

அரசாங்கம் 6,000 கோடி ரூபாய் போட்டு 'ஒரே நாடு ஒரே சந்தா' கொண்டுவந்துவிட்டதே. இனி கட்டணம் இருக்காதா?
– போட்டித் தேர்வர், தர்மபுரி

அந்தப் பணம் முக்கியமாகப் படிப்பதற்கு. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்களை அரசுக் கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் 2025 முதல் படிக்கலாம். தர்மபுரி அரசுக் கல்லூரி மாணவிக்கும் ஐ.ஐ.டி. மாணவருக்கும் ஒரே நூலகம் என்பது சின்ன விஷயமில்லை. தனியார் சுயநிதிக் கல்லூரிக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எழுதுகிறவர் கட்டும் கட்டணமும் அங்கங்கே அப்படியே நிற்கிறது. தேர்வில் எண்ணிக்கை கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதுபவரும் கட்டாமல், படிப்பவரும் கட்டாமல் ஜர்னல் நடத்த வழியே இல்லையா?
– தமிழ்த்துறை, பாளையங்கோட்டை

பிரேசிலில் 1990களின் கடைசியிலிருந்து சைலோ என்ற ஏற்பாட்டில், பெரும்பாலும் அரசும் பல்கலைக்கழகமும் செலவைப் பார்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கான ஜர்னல்களை இலவசமாகத் தருகிறார்கள். ராமன் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமியின் ஜர்னல்களும் எழுதுபவரிடம் கை நீட்டுவதில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது: நூலகங்கள் வழக்கம்போல் சந்தா கட்டட்டும், போதுமான சந்தா சேர்ந்துவிட்டால் அந்த ஆண்டு இதழை ஊருக்கே திறந்துவிடுகிறோம் என்பது. மேல்நாட்டில் இதைப் புதுமை என்கிறார்கள். உங்கள் துறைக்காரரான உ.வே.சா. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட, புத்தகம் வருவதற்கு முன்பே ஆட்களிடம் கையொப்பம் வாங்கிச் சேர்த்தாரே, அதற்குச் சித்தப்பா முறை.

ஆறு மாதம் உழைத்த கட்டுரை, கட்டணமும் கட்டினேன். மூன்றே நாளில் "எங்கள் வாசகர்களுக்கு ஏற்றதல்ல" என்று திருப்பிவிட்டார்கள். பணம்?
– நொந்தவர், கொழும்பு

போச்சு. ஆனால் மூன்று நாளில் சொன்னாரே, அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. ஒன்றரை வருடம் மேசையில் வைத்துக்கொண்டு அதே வரியை எழுதுகிறவர்களும் உண்டு. அடுத்த முறை அனுப்பும் முன் அந்த ஜர்னலின் கடைசி நான்கு இதழ்களைப் புரட்டிவிடுங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலில் அந்த ஜர்னலின் கட்டுரை ஒன்றுகூட இல்லையென்றால், நீங்கள் தட்டியது தப்பான வீடு.

முப்பது வருடமாக ஜர்னல்களுக்கு இலவசமாக ரிவ்யூ செய்து கொடுத்திருக்கிறேன். என் மருமகன் என்னை ஏமாளி என்கிறான்.
– ஓய்வுபெற்ற பேராசிரியர், சிதம்பரம்

கூட்டாளிகள் நிறைய இருக்கிறார்கள், வருந்தாதீர்கள். 2020இல் மட்டும் உலகம் முழுவதும் ரிவ்யூவர்கள் செலவழித்த நேரம் பத்துக் கோடி மணி நேரத்துக்கு மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அமெரிக்க ரிவ்யூவர்களின் நேரத்துக்கு மட்டும் சம்பளக் கணக்குப் போட்டால் 150 கோடி டாலரைத் தாண்டும். ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு ரிவ்யூவுக்கு 450 டாலர் கேட்போம் என்று 2020இல் ஒரு கோரிக்கையே கிளப்பினார். மருமகனிடம் இந்தக் கணக்கைக் காட்டாதீர்கள், பாக்கியை வசூலிக்கக் கிளம்பிவிடுவார்.

அடுத்த முறை ரிவ்யூ கேட்டு மின்னஞ்சல் வந்தால், ஜர்னல் யாருடையது என்று பாருங்கள். அறிஞர் சங்கம் நடத்துவது, எழுதுபவரிடம் வாங்காதது, அல்லது வாங்கினாலும் இல்லாதவருக்கு விட்டுக்கொடுப்பது என்றால் வழக்கம்போல் செய்து கொடுங்கள். மாணவனிடம் மூவாயிரம் டாலர் வாங்கும் கம்பெனியுடையது என்றால், ஒரே ஒரு வரி பதில் போடுங்கள்: "என் சப்மிஷன் ஃபீ எவ்வளவு என்று நீங்கள் கேட்கவே இல்லையே?"